சென்னையில் சினிமாவுக்கு வெளியே நடக்கும் இலக்கியம், நாடகம், இசைக்குள் யாரையும் தெரியாத ஒருவர் எப்படி நுழைவது?

புத்தகக் கடையிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களுக்குப் பிடித்தது இசையோ ஓவியமோ, எதுவாக இருந்தாலும் சரி.

வேலைக்காக ஊர் மாறி வந்திருக்கிறேன், வார இறுதி மாலிலும் தியேட்டரிலுமே கழிகிறது, வேறு மாதிரி நிகழ்ச்சிகள் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன், ஆனால் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போய் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். பெரும்பாலான இலக்கியக் கூட்டங்களில் வாசலில் உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தால் அது உண்மையிலேயே அனைவருக்கும்தான்.

புத்தகக் கடையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் எழுதுகிறவர்கள், நடிக்கிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள் எல்லாரும் தனித்தனிக் கூட்டம் இல்லை. ஒரு பக்கம் நுழைந்தால் அடுத்த பக்கத்துக்கு வழி தானாகக் கிடைத்துவிடும். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமி அடிப்படையில் சிறுகதைக்காரர், சிறுபத்திரிகைகளில் எழுதி வந்தவர். புரிசை கிராமத்துத் தெருக்கூத்தைப் பார்த்து அதில் மனதைப் பறிகொடுத்து நாடகத்துக்கு வந்தார். அந்தப் பட்டறையில் பயின்றவர்தான் நடிகர் பசுபதி. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே நடிப்பைக் கவனித்தவர். ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்த அதே கைதான் எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் அட்டை போட்டது, தலைப்பெழுத்து வரைந்தது. பழைய புத்தகம் வாங்கும்போது அட்டை யார் செய்தது என்று உள்பக்கத்தில் பாருங்கள். இந்த ஊரின் நவீன ஓவிய வரலாற்றில் பாதி அங்கேயே கிடைக்கும்.

சரி, எந்தக் கடை? கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல், எழும்பூர் நீலம், வடபழனி பியூர் சினிமா. உங்கள் வீட்டுக்கு எது பக்கமோ அதில் தொடங்குங்கள். சினிமாவை வாசிப்போடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறவருக்குக் கடைசியாகச் சொன்னது நல்ல இடம். தமிழ் ஸ்டுடியோ என்ற சினிமா அமைப்பு நடத்துவது அது.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அப்போது தயக்கம் குறையும். மாலை ஐந்தரை என்று போட்டிருப்பார்கள், பேச்சு தொடங்க ஆறேகால் ஆகும். அந்த முக்கால் மணி நேரம்தான் புதிதாக வருகிறவருக்கு வசதி. அலமாரியைப் பார்க்கலாம். யாராவது பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிலிருந்து உருவிப் போட்டுக்கொண்டிருப்பார்கள், நீங்களும் நாலு நாற்காலியை எடுத்துப் போடுங்கள். மைக்கைத் தட்டிப் பார்க்கிறவர் பெரும்பாலும் பதிப்பாளராகவே இருப்பார். பிறகு நூல் வெளியீடு, முதல் பிரதி பெறுதல், நான்கைந்து பேர் பேச்சு. கடைசியில் எழுத்தாளரின் ஏற்புரை. எழுந்து போகத் தோன்றினாலும் ஏற்புரை வரை இருங்கள் என்பேன். மற்றவர்கள் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதில் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்பது அங்கேதான் வெளிவரும். முடிந்ததும் எல்லாரும் பக்கத்து டீக்கடைக்குப் போவார்கள். நீங்களும் போங்கள். அடுத்த வாரம் எந்த மாடியில் நாடக ஒத்திகை, யார் ஓவியக் கண்காட்சி போடுகிறார் என்ற தகவலெல்லாம் அந்த டீக்கடையில்தான் கைமாறுகிறது. எனக்குக் கிடைத்த நண்பர்களில் பலரும் அப்படி நின்றபடி டீ குடித்த இடத்தில் கிடைத்தவர்கள்.

நாடகத்துக்கு இடம் கிடைப்பது எப்போதும் சிரமம். சபாக்கள் இருக்கின்றன, ஆனால் சிறு குழுவுக்கு வாடகை கட்டுப்படியாகாது. அதனால் கல்லூரிச் சாலை அலியான்ஸ் பிரான்சேஸ், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் மியூசியம் தியேட்டர், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் என்று கிடைக்கிற இடத்தில் போடுவார்கள். ஸ்பேசஸ் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த வளாகம். பரதத்தையும் கேரளத்துத் தற்காப்புக் கலையான களரியையும் ஒன்றாக வைத்து யோசித்தவர் அவர். 2006 டிசம்பரில் மறைந்தார், இடம் கலைக்கென்றே இருக்கிறது. எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில், சுற்றிலும் மரங்களோடு. அங்கே ஒரு நிகழ்ச்சியாவது பார்த்துவிடுங்கள். வீதி நாடகம் பிடிக்குமென்றால் பிரளயனின் சென்னைக் கலைக்குழுவைக் கவனியுங்கள், 1984இலிருந்து இயங்குகிறது.

இசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஊரில் அதிகம் மாறியது அதுதான். டிசம்பர் வந்தால் சென்னை இசை என்றாலே மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் என்றுதான் பல காலம் பத்திரிகைகள் எழுதின. வடசென்னையில் இறந்தவர் வீட்டு வாசலில் விடிய விடியப் பாடும் கானாவுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து ஒரு விழா தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பறையாட்டமும் மீனவக் குப்பத்தில் ஒரே மேடையில். பின்னாளில் அது சென்னை கலைத் தெருவிழா என்று பெயர் மாறி வேறு இடங்களுக்கும் போனது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல்முறை மேடை ஏறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய, 19 பேர் கொண்ட குழு. எல்லாரும் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். பறை, சட்டி, டோலக் ஒரு பக்கம், கிட்டாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம். இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள், மைதானமே எழுந்து ஆடியது. இசைவாணியின் குரலை நான் முதலில் கேட்டது அன்றுதான். கானாவை ஆண்கள்தான் பாடுவார்கள் என்று இருந்த இடத்தில் அந்தப் பெண் நின்று பாடியதை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீலம் தொடங்கியதுதான் மார்கழியில் மக்களிசை. ஒப்பாரி, கானா, பறை எல்லாம் மார்கழி மாதத்து மேடையில் ஏறியது சின்ன விஷயம் இல்லை. சபாக் கச்சேரியும் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் இதைத் தவறவிட்டால் சென்னையின் இசையைப் பாதிதான் கேட்டிருப்பீர்கள்.

ஓவியத்துக்கு ஒரு ஞாயிறை ஒதுக்கி ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போய் வாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் உருவாக்கிய கிராமம். பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியத்தை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது என்று தெரிந்து, ஆனால் ஓவியத்தை விட்டுவிடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தவர்கள். அங்கே உள்ள காட்சிக்கூடத்தில் அவர்கள் காலத்துப் படைப்புகளைப் பார்க்கலாம்.

திரும்பும் வழியில் திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுடைய சில புத்தகங்கள் பக்கத்துக்குப் பக்கம் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்டவை. ஒரு நிறத்தை அச்சிட்டுக் காயவைத்து, அப்புறம் அதன்மேல் அடுத்த நிறம். கோண்டு பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைந்த கறுப்புத் தாள் புத்தகம் ஒன்று உண்டு, 2006இல் வந்தது. அதைத் திறந்ததும் முதலில் மை வாசனைதான் வரும். விரலால் தடவினால் மை லேசாக மேடிட்டிருப்பது தெரியும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு புத்தகத்துக்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்பது அதைத் தொட்டுப் பார்த்தால் புரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதில் பெரும்பாலானவை இலவசம், அதனால் நடத்துகிறவர்களுக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் போட்டு, அதை விற்று, அடுத்த புத்தகத்தை அச்சுக்கு அனுப்புகின்றன. கூட்டத்துக்குப் போனால் முடிந்தபோது ஒரு புத்தகம் வாங்குங்கள். வீதி நாடகம் முடிந்து துண்டேந்தி வந்தால் காசு போடுங்கள். டிக்கெட் உள்ள நாடகத்துக்குத் தெரிந்தவர் மூலம் ஓசி பாஸ் கேட்காதீர்கள், அந்த நூறு இருநூறுதான் விளக்கு வாடகை.

தகவலுக்கு இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் மேலே சொன்ன கடைகளையும் குழுக்களையும் பின்தொடர்ந்தால் போதும். பல அழைப்பிதழ்கள் இரண்டு மூன்று நாள் முன்புதான் வரும். ஆண்டில் சில காலங்களைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்: டிசம்பர் கடைசி மக்களிசைக்கு, ஏப்ரல் நீலத்தின் வானம் கலைத் திருவிழாவுக்கு, ஜனவரி புத்தகக் காட்சிக்கு. 1977இலிருந்து பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் காட்சி அது, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். பதிப்பகங்கள் ஆண்டு முழுதும் செய்த வேலையை அதை ஒட்டித்தான் வெளியிடும். கடைசி நாட்களில் நெரிசல் தாங்காது. வாரநாளில், திறந்த உடனே போனால் அரங்கில் பதிப்பாளரோடும் எழுத்தாளரோடும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பக்கத்தில் நடக்கும் கூட்டம் எதுவும் கண்ணில் பட்டால் எழுதுகிறேன்.