வீட்டோடு இடம் மாறலாமா?

கேள்வி: எங்கள் வீடு 1,000 சதுர அடி, ஒரே தளம். 9 அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. பின்பக்கச் சமையலறை மட்டும் எட்டு ஆண்டுகளுக்கு முன் சேர்த்துக் கட்டியது. இப்போது வீடு இருக்கும் இடத்தைச் சாலைக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பின்புறம் 300 அடி தள்ளி எங்களுக்கே நிலம் உண்டு. நடுவில் இருப்பதும் எங்கள் நிலம்தான். இடிக்காமல் வீட்டை அப்படியே அங்கே கொண்டுபோக முடியுமா? நகர்த்தும்போது சாமான்களை உள்ளேயே விட்டுவைக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: முடியும். நடுவில் தெருவோ பாலமோ மின்கம்பியோ இல்லாததுதான் உங்களுக்கு வாய்த்த பெரிய அனுகூலம். மரச்சட்ட வீடு எடை குறைவு, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். அதை வண்டியில் ஏற்றிச் சாலை வழியாகக் கொண்டுபோவார்கள். செங்கல் சுவர் அப்படியில்லை. மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் வளைத்தால் உடனே விரியும். அதனால் உங்கள் வீட்டைத் தண்டவாளத்தின் மேல் உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவின் கேப் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கம் செங்கல்லால் கட்டியது, சுமார் 4,800 டன். கடல் அரிப்புக்குத் தப்பிக்க 1999-இல் அதை 2,900 அடி தூரம் இப்படித்தான் நகர்த்தினார்கள். நகர்ந்தது 23 நாள்; அடியில் நடந்த ஆயத்த வேலை பல மாதம்.

ஆனால் முதலில் உங்கள் வீடு இதற்குத் தாங்குமா என்று பாருங்கள். ஒரு மூலையில் பூச்சைத் தட்டிவிட்டுச் செங்கற்களுக்கு நடுவே உள்ள கலவையை ஆணியால் கீறுங்கள். மண் கலவையாக இருந்து பொலபொலவென்று உதிர்ந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். கூரையின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்று ஓசை கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிரிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஓரிரு இடமென்றால் சரிசெய்யலாம். பல அறைகளில் அப்படி இருந்தால் நகர்த்தும் செலவு வீண். கதவு, ஜன்னல், கம்பிகளைக் கழற்றிக்கொண்டு புதிதாகக் கட்டுவதே நல்லது.

பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறை கூட வராது. பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் உறுதியான பிணைப்பு இருக்காது. தூக்கும்போது அந்தச் சேர்க்கை பிளந்து, பழைய சுவரின் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும். வேலை தொடங்குவதற்கு முன்பே இணைப்பில் அறுத்துப் பிரித்து இடித்துவிட வேண்டும்; வீடு பின்பக்கம் போகும் வழியும் அதுதான். தரை, டைல்ஸ், கழிப்பறைப் பீங்கான், கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, எர்த் கம்பி இவையும் வராது. நகர்வது தரைமட்டத்துக்கு மேலே உள்ள சுவரும் கூரையும் மட்டுமே. செலவுக் கணக்குப் போடும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

எடையை நீங்களே ஏறக்குறையப் போட்டுப் பார்க்கலாம். 10 அடி உயரமுள்ள 9 அங்குலச் சுவர், இருபுறப் பூச்சோடு, ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 450 கிலோ. உள்சுவர் வெளிச்சுவர் சேர்த்து 180 அடி என்று வைத்து, கதவு ஜன்னலுக்கு 15 சதவீதம் கழித்தால் 69 டன். 5 அங்குலக் கான்கிரீட் கூரை 30 டன். மொட்டைமாடியில் செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கித் தளமும் தட்டோடும் 15 டன். கைப்பிடிச் சுவர் 8 டன். கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் பீம், சன்ஷேடையும் சேர்த்தால் 125 டன்னுக்கு வரும். வீட்டைத் தாங்க அடியில் போடப்போகும் புதுக் கான்கிரீட் சட்டம் இன்னும் 15 டன். ஆக 140 டன். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்; 1,000 லிட்டர் என்றால் ஒரே மூலையில் 1 டன்.

வீடு பிழைப்பதும் உடைவதும் இந்தப் புதுச் சட்டத்தில்தான் இருக்கிறது. தரையை உடைத்து, சுவரின் இருபக்கமும் பள்ளம் தோண்டி, பழைய கடைக்கால் (அஸ்திவாரம்) வெளியே தெரியும்படி செய்வார்கள். பிறகு தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, சுவரில் இரண்டரை அடிக்கு ஒரு துளை. இவற்றை வரிசையாகத் திறக்கக் கூடாது. ஒன்று, நான்கு, ஏழு என்று தள்ளித் தள்ளித் திறந்து, அவற்றில் குறுக்கு இரும்பு உத்திரத்தை வைத்துக் கான்கிரீட்டால் இறுக்கிய பின்புதான் இரண்டு, ஐந்து, எட்டுக்குப் போக வேண்டும். அடுத்தடுத்த துளைகளை ஒரே நாளில் திறந்தால் மேலே இருக்கும் சுவர் அன்றைக்கே உட்காரும். குறுக்கு உத்திரங்களை எல்லாம் பிணைத்து, சுவரின் உள்ளும் புறமும் கம்பி கட்டிய கான்கிரீட் பீம் ஓட வேண்டும், உள்சுவர்களையும் விடாமல். ஏணி மாதிரி இருக்கும் இந்தச் சட்டத்துக்கு 21 நாள் நீராற்றுங்கள். அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரர்கள் கை வைப்பது பெரும்பாலும் இந்த 21 நாளில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த நாள்களில் மேலே செய்ய வேண்டியதும் உண்டு. கதவு, ஜன்னல் திறப்புகளின் மூலையிலிருந்துதான் விரிசல் புறப்படும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திறப்புகளைச் செங்கல் அடுக்கி, சிமென்ட் குறைந்த மெலிந்த கலவையால் அடையுங்கள். பின்னால் எளிதாக உடைத்துக்கொள்ளலாம். வீட்டைச் சுற்றி ஜன்னல் அடிமட்டத்தில் ஒன்றும் லிண்டல் மட்டத்தில் ஒன்றுமாக முறுக்கி இறுக்கும் இரும்புக் கம்பியைக் கட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் படமெடுத்து, அவற்றின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வளர்ந்ததா இல்லையா என்ற தகராறு அதோடு தீர்ந்துவிடும்.

தூக்க, ஒவ்வொன்றும் 10 டன் தாங்கும் ஜாக்கிகள் 72 ஆகும், துளைக்கு ஒன்று. சராசரியாக ஒன்றின் மேல் 2 டன்தானே வரும், சின்ன ஜாக்கி போதாதா என்று தோன்றும். பாரம் ஒருபோதும் சமமாகப் பிரியாது. பக்கத்து ஜாக்கியின் அடி சற்று இறங்கினால் அதன் சுமை முழுவதும் இதன் தலையில் வந்து விழும். ஜாக்கிகளை முடுக்கிப் பாரத்தை ஏற்றிக்கொண்ட பிறகே துளைகளுக்கு நடுவில் எஞ்சிய சுவரை அறுக்க வேண்டும். திருகு ஜாக்கி என்றால் ஒரு விசிலுக்கு எல்லாரும் கால் சுற்று, அதற்குமேல் இல்லை. சட்டமெங்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து மட்டம் பாருங்கள். 10 அடி இடைவெளியில் 10 மி.மீ. ஏற்ற இறக்கம் வந்தாலே செங்கல் சுவர் விரியத் தொடங்கும். 3 மி.மீ. வந்ததும் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு 6 அங்குலம் ஏறியதும் குறுக்கும் நெடுக்குமாக மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வீடு ஓர் இரவு நிற்பதும் கூடாது.

இரண்டு மூன்று அடி தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் பெரிய இரும்பு உத்திரங்கள், அவற்றுக்குக் கீழே உருளைகள், அதற்கும் கீழே தண்டவாளம். 300 அடிக்கும் தண்டவாளம் வாங்க வேண்டியதில்லை. வீடு கடந்த பகுதியைக் கழற்றி முன்னால் போட்டுக்கொண்டே போவார்கள். தண்டவாளத்துக்கு அடியில் மேல்மண்ணை வழித்தெடுத்து, சரளை கொட்டி, ரோலர் ஓட்டியிருக்க வேண்டும். 140 டன்னை உருட்டிக்கொண்டு போக 5 முதல் 7 டன் விசை போதும். அசைந்து கிளம்பும்போது அதைப் போல இரண்டு மடங்கு ஆகலாம். கயிறு கட்டி இழுத்தால் கயிறு நீண்டு, பிறகு வெடுக்கென்று வீட்டை இழுக்கும். பின்னாலிருந்து ஹைட்ராலிக் ஜாக்கியால் தள்ளுவதே பாதுகாப்பு. பாதையில் துளி இறக்கம் இருந்தாலும், வீடு தானாக உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளப் பின்பக்கம் பிடிகம்பி வேண்டும்.

தேர்ந்த நிறுவனமா என்று அறிய ஒரு கேள்வி கேளுங்கள்: போகும்போது தரை ஓரிடத்தில் அமுங்கினால் என்ன செய்வீர்கள்? உருளைகளுக்கு மேலுள்ள ஹைட்ராலிக் ஜாக்கிகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் எண்ணெயைப் பொதுவாக ஓடவிடுவோம் என்று சொன்னால் அவர்களுக்குத் தொழில் தெரியும். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. எந்த மேட்டிலும் மூன்று காலும் தரையில் படும். மூன்று கூட்டத்தின் மேல் உட்கார்ந்த வீடு லேசாகச் சாயலாம், ஆனால் முறுக்கிக்கொள்ளாது.

இனி புது இடம். இத்தனை கவனத்தோடு வந்து சேர்ந்த வீடு ஓராண்டு கழித்து விரிசல் விட்டால் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கும். பழைய மண் 22 ஆண்டுகளாக அழுந்தி அழுந்தி இந்தப் பாரத்துக்குப் பழகிவிட்டது. புது மண்ணுக்கு 140 டன்னும் ஒரே நாளில் வந்து இறங்கும். எனவே ஒப்பந்தம் போடும் முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண் என்றால் சாதாரணக் கடைக்கால் போதாது, பொறியாளர் வரைபடப்படி ஆழத்தூண் தேவைப்படலாம். கான்கிரீட் அடித்தளத்தை முன்னதாகவே போட்டுவிட்டு, அதன்மேல் வரும் சுவரை வீடு வந்து முட்டில் நின்ற பிறகு அளந்து எழுப்ப வேண்டும். முன்பே முழு உயரத்துக்கும் கட்டி வைத்தால் ஓர் அங்குலமாவது பொருந்தாமல் போகும், தண்டவாளத்துக்கும் குறுக்கே நிற்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுருங்காத கலவையால் அடைத்து, அது இறுகிய பின் ஜாக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஈரம் ஏறாமலிருக்கத் தடுப்புப் பூச்சும் இப்போதே கொடுத்துவிடுங்கள். இதற்காகச் சுவரை இன்னொரு முறை அறுக்கவா போகிறோம்?

காகித வேலையில் மூன்றை மட்டும் சொல்கிறோம். புது நிலத்தில் வீடு அமைய உள்ளாட்சி அனுமதி வேண்டும். வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். நிலத்துக்கான இழப்பீட்டோடு கட்டடத்துக்கும் பணம் தருகிறார்கள் என்றால், அதை எடுத்துப்போகும் உரிமை உங்களுக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எல்லாச் செலவையும் கூட்டினால், அதாவது அடியில் போடும் கான்கிரீட் சட்டம், நகர்த்தல், புதுக் கடைக்கால், தரை, குழாய், சமையலறை அத்தனையும், அதே அளவு புது வீட்டின் செலவில் முக்கால் பங்கைத் தொட்டால் புதிதாகக் கட்டுங்கள் என்பதே எங்கள் யோசனை. நகர்த்துவதாக முடிவெடுத்தால் கடைசித் தவணையில் 15 சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் கழியும்வரை பிடித்து வையுங்கள்.

சாமான்கள்: கனமில்லாத துணிமணி, பாத்திரம் உள்ளேயே இருக்கட்டும். இரும்பு பீரோ, புத்தக அலமாரி, அரிசி மூட்டை போன்ற பாரமானவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். மின் இணைப்பைக் கம்பத்திலேயே துண்டித்திருக்க வேண்டும், எரிவாயு உருளை உள்ளே இருக்கவே கூடாது. துளை போடத் தொடங்கும் நாளிலிருந்து ஜாக்கி தளர்த்தும் நாள்வரை வீட்டுக்குள் யாரும் படுக்கக் கூடாது, ஒரு பகல் தூக்கத்துக்குக்கூட. இரண்டு மூன்று மாதத்துக்கு வேறு ஜாகை பார்த்துக்கொள்ளுங்கள்.