530 கி.மீ. பறக்க ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழியில் எவ்வளவு தூரம்? பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே, அவ்வளவு நேரம் ஏன்? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ.; நெல்லையிலிருந்து ரயில் பாதையோ 650 கி.மீ. அளவில் வருகிறது. இத்தடத்தில் பலகாலமாகப் பறந்துவரும் ஏ.டி.ஆர். விமானம் சுழல்விசிறியால் இயங்குவது; மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் செல்லும். மேலும், சீட்டில் அச்சிடப்படுவது வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. வாகைக்குளத்தில் சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி நிறுத்துமிடத்தில் நிற்கும் வரையிலான மொத்த நேரம் அது. சென்னையில் ஓடுபாதை நெரிசலாக இருந்தால், முறை வரும்வரை வானிலேயே வட்டமடிக்க நேர்வதும் உண்டு. அதற்கும் சேர்த்தே நேரம் குறிக்கிறார்கள். முன்பு 1,350 மீட்டராக இருந்த வாகைக்குளம் ஓடுபாதை இப்போது 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருப்பதால், விரைவாகப் பறக்கும் ஜெட் விமானங்களும் இங்கு இறங்க முடியும். அவை வழக்கமாக வந்தால் பறக்கும் நேரம் கால் மணியாவது குறையும். தென்மாவட்டத்தாருக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியதே. பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் செல்லும் நேரத்தையும், முன்கூட்டியே சென்று பரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரத்தையும் தாங்கள் தனியாகக் கூட்டிக்கொள்ளவும்.