வடலூர் திட்டமிட்டு உருவான சமய ஊரா?

தருமபுரியிலிருந்து தைப்பூசத்துக்குப் போகவிருப்பவர் கேட்டது இது. வீடு, தெரு என்று போட்ட குடியிருப்பு அல்ல. ஆனால் சாதி, சமய வேறுபாடில்லாத ஒரு சமூகத்துக்காக வள்ளலார் படிப்படியாக எழுப்பிய இடம்தான்.

1865-இல் அவர் தொடங்கியது சன்மார்க்க சங்கம். வடலூர்ப் பகுதியிலுள்ள பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அங்கே முதலில் எழுந்தது வழிபாட்டிடம் அல்ல, சமையற்கூடம்! 1867 மே 23-இல் பசித்தவர்க்குச் சோறிடும் தருமசாலை. அதன் அணையா அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். வழிபாட்டிடமான சத்திய ஞானசபை வந்தது 1872 ஜனவரி 25-இல். இந்த வரிசையே அவருடைய கொள்கை: பசியாற்றாமல் ஞானம் பேசக்கூடாது.

சபை எண்கோண வடிவம். ஏழு நிறத் திரைகள் ஞானத்தை மறைக்கும் ஏழு மறைப்புகளைக் குறிக்கும். தைப்பூசத்தன்று ஏழும் விலகினால் ஜோதி. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை மட்டுமே நீக்குவார்கள். அதனால் முழு தரிசனம் வேண்டுமானால் தைப்பூசத்துக்கே போங்கள். புலால் மறுத்தவர்க்கே சபைக்குள் அனுமதி. தருமசாலையில் சோற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை, பசி ஒன்றே தகுதி.

வள்ளலார் 1870-லேயே அருகிலுள்ள மேட்டுக்குப்பத்துக்குக் குடிபெயர்ந்தார். 1874 ஜனவரி 30-இல் அங்கே சித்திவளாகத்தில் அறைக்குள் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார், அதாவது கதவைத் தாழிட்டுக்கொண்டார். தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது.