இரண்டரை ஆண்டு படித்த பிறகு துறையை மாற்றலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 20 வயது. மின்னணுவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாவது செமஸ்டர் தேர்வு முடிந்திருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் இரண்டரை ஆண்டு போய்விட்டது. இதை விட்டுவிட்டு மொழியியலுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் துறை மாற விண்ணப்பிக்க இன்னும் 20 நாட்கள்தான் இருக்கின்றன. மாறினால் ஏறக்குறைய முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். சில பொதுப் பாடங்களுக்கு மட்டும் கிரெடிட் கிடைக்கும் என்கிறார்கள்.

இந்தத் துறையை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அப்பா தேர்ந்தெடுத்தார். பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் வந்த அன்றே விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசும் அளவுக்கு எனக்கு வேறு எதுவும் தெரியவும் இல்லை. இப்போது துறை மாறுவதைப் பற்றி லேசாகப் பேச்செடுத்தாலே, "எடுத்ததை முடி" என்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எதற்காக மாற விரும்புகிறாய் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நான் மோசமாகப் படிப்பவன் அல்ல. எதிலும் தவறியதில்லை. ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. சிக்னல் பாடம் மட்டும் ஓரளவு பிடித்தது. போன மாதம் ஆய்வகத்தில் ஒரு சுற்றைத் தவறாக இணைத்துவிட்டேன். ஆசிரியர் எல்லோர் முன்னாலும், "உன் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்" என்றார். அவர் திட்டுவது புதிதல்ல, எல்லோரையும் திட்டுவார். மற்றவர்கள் மதிய இடைவேளைக்குள் மறந்துவிடுகிறார்கள். என்னால் இந்த ஒரு வாக்கியத்தை மறக்க முடியவில்லை. இரவில்கூட நினைவுக்கு வருகிறது.

நான்காவது செமஸ்டரில் விருப்பப் பாடமாக மொழியியல் அறிமுகம் எடுத்தேன். நேரம் ஒத்துவந்தது என்பதைத் தவிர அப்போது வேறு காரணம் இல்லை. இரண்டாம் வாரத்தில் ஒலியியல் நடத்தினார்கள். க, ச, ட, த, ப என்று குழந்தையிலிருந்து சொல்லிவந்த வரிசை, வாயின் பின்பக்கத்தில் தொடங்கி ஒவ்வோர் இடமாக முன்னேறி உதட்டில் வந்து முடிகிறது என்று ஆசிரியர் சொன்னார். வகுப்பில் உட்கார்ந்தபடியே சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை ஆண்டுகள் மனப்பாடமாகச் சொன்ன ஒன்றுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அன்று முதல் அந்த ஒரு வகுப்புக்காகவே கல்லூரிக்குப் போனேன்.

நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டரை ஆண்டு உழைப்பை யாராவது குப்பையில் போடுவார்களா என்கிறான் ஒருவன். பிடிக்காத வேலையில் 40 ஆண்டு இருப்பதற்கு இது மேல் என்கிறான் இன்னொருவன். இருவர் சொல்வதும் சரியாகத்தான் தெரிகிறது.

அப்பாவை நினைத்தால்தான் கோபம் வருகிறது. என் வாழ்க்கையை அவர் முடிவு செய்தார். இந்த இரண்டரை ஆண்டு வீணானதற்கு அவர்தான் காரணம். வீட்டில் வேறு யாரும் எதிர்க்கவில்லை. அம்மா அப்பா சொல்வதையே சொல்வார். அக்காவிடம் இதைப் பற்றி நான் பேசவில்லை, அவள் எதுவும் சொல்ல மாட்டாள். (அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பள்ளியோடு நின்றுவிட்டாள். அப்போது ஒருவரைப் படிக்க வைக்கத்தான் முடியும் என்ற நிலை. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். என் கட்டணத்தில் பாதி அவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. நான் விடுமுறையில் வரும்போது என் புத்தகங்களை எடுத்துப் படிப்பாள். ஒருமுறை பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மின்சுற்றுக்கான கிர்க்காஃப் விதிக் கணக்கு ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். ஒரு குறியைத் தவிர எல்லாம் சரி. அதில் சந்தேகம் கேட்டாள். நான் வேறு ஏதோ எரிச்சலில் இருந்தேன். "உனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை. அந்தத் தாள் இன்னும் என் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.) அது வேறு விஷயம், விடுங்கள்.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அல்லது அவர் சம்மதமே இல்லாமல் விண்ணப்பித்துவிடலாமா? இரண்டரை ஆண்டு கழித்து மாறுவது முட்டாள்தனமா? ஆய்வகத்தில் அந்த ஆசிரியர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "இரண்டரை ஆண்டு" என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. அப்பாவைப் பற்றி எழுதியதை முடித்துவிட்டு மீண்டும் அவரிடமே வருகிறீர்கள். ஆய்வக ஆசிரியரிடமும் அப்படியே. அக்கா ஒரே ஓர் இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறார். ஆனால் இருப்பதிலேயே அதிக விவரம் அங்கேதான் இருக்கிறது. நாட்காட்டித் தாள், அதன் பின்பக்கம், தவறிய ஒரு குறி என்று எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறது. "அது வேறு விஷயம்" என்கிறீர்கள். எனக்கு அதுதான் விஷயமாகத் தெரிகிறது.

எல்லோரையும் திட்டும் ஆசிரியர் அவர். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், உங்களால் முடியவில்லை. "உன் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்" என்றார். அந்த வேறொருவர் யார் என்று மற்ற மாணவர்களுக்குத் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவர் உங்கள் புத்தகத்தை எடுத்து, கல்லூரி வாசலை மிதிக்காமலேயே ஒரு குறி தவிர மற்றதெல்லாம் சரியாகக் கணக்குப் போட்டவர். ஆசிரியர் அறியாமல் எறிந்த கல், நீங்கள் ஆண்டுக்கணக்கில் மூடி வைத்திருந்த இடத்தில் போய் விழுந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த இரண்டரை ஆண்டுக்கு வருகிறேன். பணமோ உழைப்போ போட்டுவிட்டோம் என்பதற்காகவே ஒன்றை விட முடியாமல் தொடர்வதை "மூழ்கிய செலவுப் பிழை" என்பார்கள். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழக அரங்கில் பருவம் முழுவதற்குமான நாடக டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பது தற்செயலாக முடிவானது. நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த பணம் அவர்களை இழுத்து வந்தது.

உங்கள் நண்பர் சொல்லும் "உழைப்பைக் குப்பையில் போடுவது" இந்தக் கணக்குதான். மூழ்கிய செலவை மறந்துவிட்டு இனி வரப்போவதைப் பார் என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிடலாம். உங்களுக்கு அது போதாது. உங்கள் டிக்கெட்டின் விலையில் பாதியைக் கொடுத்தவர் அக்கா, நீங்கள் அல்லவே! தான் கொடுத்த விலையை ஒருவர் தானே தள்ளிவிடலாம். இன்னொருவர் கொடுத்ததை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "போனது போகட்டும்" என்று நீங்கள் எப்படித் தள்ளுவீர்கள்? முடியவில்லை. அதனால்தான் உங்கள் கடிதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

இப்போது சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். நீங்கள் அப்பாவோடு சண்டை போடுவது, அவரோடு சண்டை போடுவது சுலபம் என்பதால்தான். அவர் ஒரு சொல் சொல்கிறார், நீங்கள் கோபப்படுகிறீர்கள். அக்கா ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாதவரிடம் எப்படிக் கோபப்படுவது? எப்படி மன்னிப்புக் கேட்பது? ஆகவே அவர் எதுவும் சொல்ல மாட்டார் என்று நீங்களே எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டீர்கள். தம்பி, அவர் சொல்ல மாட்டார் என்பது உண்மையல்ல. அவர் கேட்டார், தாளை எடுத்துக்கொண்டு வந்து கேட்டார். "உனக்கு எதற்கு இதெல்லாம்?" என்றீர்கள். அவர் பள்ளியை முடித்த ஆண்டு, உங்கள் வீடு அவரிடம் கேட்டதும் இதே கேள்விதான், வேறு சொற்களில். அன்று பெரியவர்கள் கேட்டதை இன்று நீங்களும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்காததில் வியப்பில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். அவர் படிப்பு நின்றது உங்கள் குற்றம் அல்ல. அப்போது உங்களுக்கு 14 வயது இருக்கும். அந்த முடிவை எடுத்தவர்கள் பெரியவர்கள், அது நியாயமான முடிவும் அல்ல. ஆனால் உங்கள் எரிச்சலில் வந்த அந்த ஒரு வாக்கியம் உங்களுடையது. முதலாவதற்காக உங்களை நீங்கள் தண்டித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் எல்லாம் பெரிய பாவமாகத் தெரிகிறது, சரிசெய்யக்கூடிய சின்னத் தவறு அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

பிடிக்காத பட்டத்தைப் பல்லைக் கடித்து முடித்தால் அக்காவின் கடன் தீர்ந்துவிடும் என்று உள்ளுக்குள் நினைக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் வருந்துவதால் அவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பருவக் கட்டணம்கூடத் திரும்புவதில்லை. தன் சம்பளம் தம்பியின் வேதனைக்குத்தான் போகிறது என்று தெரிந்தால் அவருக்கு அது இன்னொரு இழப்பு. மறுபக்கம், அவரிடம் சொல்லாமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால், அவர் பணத்தில் நடக்கும் ஒரு முடிவை இரண்டாம் முறையாக அவரைக் கேட்காமல் எடுத்தவர் ஆவீர்கள். அப்பா சம்மதம் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டீர்கள். அதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை, உங்களுக்கு 20 வயது ஆகிவிட்டது. அக்காவுக்குத் தெரியாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

மாறுவது முட்டாள்தனமா? இல்லை. அமெரிக்காவில் 2011–12இல் கல்லூரியில் சேர்ந்து துறையைத் தேர்ந்தெடுத்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது துறை மாறினார்கள் என்று அந்நாட்டு அரசின் கல்விப் புள்ளிவிவரப் பிரிவு 2017இல் கணக்குச் சொன்னது. கணிதத்தில் தொடங்கியவர்களில் அது 52 சதவீதம். நாட்டுக்கு நாடு விதிகள் வேறுதான், இருந்தாலும் பதினெட்டு வயதில் எடுத்த முடிவு இருபதில் பொருந்தாமல் போவது எங்கும் நடப்பது. அதற்காக வெட்கப்படாதீர்கள்.

ஆனால் மாறியே ஆக வேண்டுமா என்றால், அதுவும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. க, ச, ட, த, ப பற்றி நீங்கள் எழுதிய பத்தியைப் படித்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது, அது நடிப்பில்லாத ஆர்வம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என்றாலும் நீங்கள் படித்தது ஒரே ஓர் அறிமுகப் பாடம். அந்த ஆர்வம் உங்களை மொழியியலுக்கு எவ்வளவு தூரம் இழுக்கிறது, அந்த ஆய்வகம் உங்களை எவ்வளவு தூரம் துரத்துகிறது என்பதை இப்போது உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த 20 நாட்களில் இரண்டாம் ஆண்டு மொழியியல் வகுப்பு ஒன்றில், சலிப்பூட்டும் பாடமாகப் பார்த்து, அனுமதி கேட்டு உட்காருங்கள். உங்களுக்குப் பிடித்த சிக்னல் பாடத்தை அந்தத் துறையின் ஒலியியல் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சொலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் படமாக்கித்தான் அவர்களும் ஆராய்கிறார்கள். மீதி மூன்று செமஸ்டரை முடித்துவிட்டு மேற்படிப்பாக மொழியியலுக்குப் போக வழியுண்டா என்றும் அவரிடமே கேளுங்கள். இருந்தால், நீங்கள் கழித்துக்கட்டிவிட்ட ஆண்டுகள் அப்படி ஒன்றும் வீணல்ல என்று தெரியவரலாம்.

இதையெல்லாம் நீங்களே செய்துகொள்வீர்கள். அக்காவிடம் பேசுவதைத்தான் தள்ளிப்போடுவீர்கள் என்று பயப்படுகிறேன். பேசும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். "நான் விடும் இடத்தை நீ எடுத்துக்கொள், நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரிய வாக்குறுதியோடு போகாதீர்கள். அது உங்கள் மனச்சுமையை இறக்கிவைக்கும் பேச்சு. 24 வயதில் படிக்க விருப்பமா, எதைப் படிக்க விருப்பம், இல்லை இரவில் புத்தகம் புரட்டுவதே அவருக்குப் போதுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு உங்கள் மேல் கோபமும் இருக்கலாம். இருந்தால் அதைச் சொல்ல இடம் கொடுங்கள், குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். துறை மாறும் பேச்சை அன்றே எடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இன்னும் 20 நாட்கள் இருக்கின்றன.

அந்தத் தாளை இன்னும் புத்தகத்துக்குள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் பக்கத்தில் உட்காருங்கள். "அன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை" என்று தொடங்கி, அந்த ஒரு குறி எங்கே மாறியது என்று அவருக்குக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்