பழைய கணினி விளையாட்டுகளின் நிரலில் முடிவுறாத கட்டங்கள் ஏன் எஞ்சியிருக்கின்றன?

திருகோணமலை உவர்மலையில் கணினி வகுப்பொன்றில் பழைய விளையாட்டுக் கோப்பொன்றைத் திறந்தபோது, விளையாட்டில் எங்குமே வராத கட்டங்களின் (விளையாட்டின் தனித்தனி நிலைகளின்) பெயர்கள் தென்பட்டதாகவும், அவை வேண்டுமென்றே ஒளித்துவைக்கப்பட்டவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இல்லை. வெளியீட்டு நாள் நெருங்குகையில், அரைகுறையாக நிற்கும் பகுதியை முற்றாக வெட்டியெடுப்பதைவிட அதற்குச் செல்லும் வழியை மட்டும் அடைத்துவிடுவதே பாதுகாப்பானது. ஏனெனில் கட்டங்கள் அட்டவணையில் வரிசையெண்களால் அழைக்கப்படும் நிரலில் ஒன்றை நீக்கினால் அடுத்தவற்றின் எண்கள் மாறி, ஏற்கெனவே சோதித்து முடித்தவற்றையும் மீண்டும் சோதிக்க நேரிடும். வாசலுக்குக் கல் வைத்துக் கட்டிவிட்டு அறையை அப்படியே விடுவது போன்றது இது.

1992இல் சேகா மெகா டிரைவ் என்ற வீட்டு விளையாட்டு இயந்திரத்துக்கு வெளிவந்த 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக் 2' இதற்கு நல்ல சான்று. அதில் 'ஹிடன் பேலஸ்' என்ற கட்டம் கைவிடப்பட்டது. எனினும் அதற்குரியதெனப் பலரும் கருதிய இசை, விளையாட்டின் இசைகளைத் தனியே ஒலிக்கவிட்டுக் கேட்கும் ஒலிச் சோதனைப் பட்டியலில் கிடைத்தது. (வதந்திகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.) 2013இல் வந்த கைபேசி மறுபதிப்பில்தான் அக்கட்டம் அதிகாரபூர்வமாக விளையாடக் கிடைத்தது.

ஆயினும், பெயர் இருப்பதாலேயே கட்டமும் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. பல வேளைகளில் பெயருக்கான எழுத்துச் சரம் (எழுத்துகளின் தொடர்) மட்டுமே மிஞ்சியிருக்கும். கட்டம் உண்மையில் இருக்கிறதா என்று அறிய, மூலக் கோப்பைத் தொடாமல், அதன் பிரதியொன்றில் தொடக்கக் கட்டத்தின் எண்ணை மாற்றி இயக்கிப் பாருங்கள்.