வேலைக்குப் போகவர எவ்வளவு நேரம்? கேள்வி பதில்

(போக்குவரத்துத் திட்டமிடலில் பணிபுரியும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

பஸ்ஸில் இருப்பது இருபது நிமிடம். அதைத்தான் என் பயண நேரமாகச் சொல்லி வருகிறேன். சரிதானே?

இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து வேலையிடத்துக்குள் நுழையும் வரை எல்லாமே பயணம்தான். நிறுத்தத்துக்கு நடப்பதையும், காத்திருப்பதையும், இறங்கி வேறு வண்டி ஏறுவதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் இருபது நிமிடம் நாற்பதாகிவிடலாம். அதிலும் காத்திருப்பு தனிச் சுமை. ஒரு நிமிடக் காத்திருப்பை, ஓடும் வண்டிக்குள் கழியும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக வைத்துக் கணக்கிடுவது எங்கள் துறை வழக்கம். ஆகவே வேகமான பஸ்ஸைவிட அடிக்கடி வரும் பஸ் பல வழித்தடங்களில் மக்களுக்கு அதிகம் உதவுகிறது.

இதையெல்லாம் அரசுகள் கணக்கெடுக்கின்றனவா?

எடுக்கின்றன, ஆனால் கேட்கும் கேள்வியைப் பொறுத்தே விடை கிடைக்கும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் எந்த வாகனத்தில் வேலைக்குப் போகிறீர்கள் என்று 1960இலேயே கேட்டார்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்வி 1980இல்தான் வந்தது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தூரமும் பயண முறையும் கேட்கப்பட்டன, நேரம் கேட்கப்படவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஐந்து கிலோமீட்டர் என்பது மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குச் சில நிமிடங்கள், நடந்து போகிறவருக்கு ஒரு மணி நேரம். தூரத்தை மட்டும் எழுதினால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று: அமெரிக்கப் படிவத்தில் பல வாகனங்கள் மாறிப் போகிறவர், அதிக தூரம் எதில் போகிறாரோ அதை மட்டுமே குறிக்க வேண்டும். ரயில் நிலையம் வரை கால்மணி நேரம் நடப்பவரும் ரயில் பயணியாகத்தான் பதிவாவார். அந்த நடைக்கு நல்ல நடைபாதை வேண்டும் என்பது புள்ளிவிவரத்தில் தெரியவே தெரியாது.

கொரோனாவுக்குப் பின் பயண நேரம் குறைந்துவிட்டதாமே?

அமெரிக்காவில் ஒருவழிப் பயணத்தின் சராசரி 2019இல் 27.6 நிமிடம், 2021இல் 25.6 நிமிடம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் இந்தச் சராசரியில் சேர்வதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீராதா?

நெரிசல் மிகுந்த நகரங்களில் பெரும்பாலும் தீராது. நெரிசல் நேரத்துக்கு முன்னதாகவே கிளம்பிக்கொண்டிருந்தவர்கள், வேறு வழியில் போனவர்கள், ரயிலில் போனவர்கள் எல்லோரும் புதிய சாலைக்கு வந்துவிடுவார்கள். பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962இலேயே இதை விளக்கிவிட்டார். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் வேறு வழியில் போனது: 2006இல் நகர மையத்துக்குள் வந்துபோகும் வாகனங்களுக்குச் சோதனை முறையில் கட்டணம் விதித்தது. அந்த எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. மறு ஆண்டே கட்டணம் நிரந்தரமானது. ஆனால் கட்டணம் மட்டும் போதாது. காரை விட்டு இறங்குகிறவருக்கு ஏற ஒரு பஸ் இருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே பெரிய வீடு கிடைக்கிறது. பயணம் ஒரு மணி நேரம் கூடும். போகலாமா?

முடிவு உங்களுடையது. ஒன்றைச் சொல்கிறேன்: புரூனோ ஃபிரே, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மன் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். நெடுந்தூரம் போய்வருபவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. நல்ல வீடும் கூடுதல் சம்பளமும் அதை முழுதாக ஈடுகட்டவில்லை. கூடுதல் அறை சில மாதங்களில் பழகிவிடும், நெரிசல் பழகாது என்பது என் எண்ணம்.

முன்பணம் கொடுக்கும் முன் அந்த வீட்டிலிருந்து வேலை நாளின் காலையில் கிளம்பிப் போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். மழை நாளிலும் ஒருமுறை. சராசரி நேரத்தைவிட, மோசமான நாளில் எவ்வளவு ஆகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமாகக் கூடாது என்றால் தினமும் அந்த நேரத்தை வைத்துத்தான் நீங்கள் கிளம்ப வேண்டியிருக்கும்.