பழைய புரோட்டோன் சாகா காடிக்கு கேம்ஷாஃப்ட் சென்சார் மாற்ற 350 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். நியாயமான விலையா?

அதிகம். ஆனால் விலை பேசுவதற்கு முன்னால், சென்சார்தான் போய்விட்டது என்று எப்படித் தெரிந்தது என அந்தப் பட்டறைக்காரரிடம் கேளுங்கள். "ஸ்கேன் பண்ணினேன், பி0340 என்ற பிழைக் குறியீடு வந்தது" என்பது மட்டும் பதிலாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் அந்தக் குறியீடு சொல்கிறது. சென்சார், அதில் மாட்டும் வயர் பிளக், வயர், எதில் வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம்.

நான் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் காடியும் பழைய சாகாதான். காலையில் ஒரு தொல்லையும் இருக்காது. நன்றாக ஓடிய சூட்டோடு பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி மறுபடி சாவி போட்டால், ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. ஆறவிட்டால் சரியாகிவிடும். சூட்டில் மட்டும் மக்கர் பண்ணினால் இந்த சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

அது செய்யும் வேலை சின்னதுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்றும். முதல் பிஸ்டன் மேலே வரும்போது, அது பெட்ரோலை அமுக்கி எரிக்கும் நேரமா, புகையை வெளியே தள்ளும் நேரமா என்று கிராங்க் சென்சாரால் மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது கேம் சென்சார். அந்தத் தகவல் வராவிட்டால் எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியு ஊகித்துத்தான் ஓட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆக நேரம் பிடிப்பதும் இழுவை குறைவதும் அதனால்தான்.

எங்கள் ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணன் முதலில் சென்சார் பிளக்கைக் கழற்றி உள்ளே எஞ்சின் ஆயில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் வயரை முழுக்கத் தடவினார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு வயரைக் கடிக்கும் எலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து எலியைப் பிடிக்க ஆந்தைக் கூடு வைக்கிறார்கள், போனட்டுக்குள் ஆந்தை வராதே! பிறகு சாவியை 'ஆன்' நிலையில் வைத்து மீட்டரால் பிளக்கில் கரண்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் சரியாக இருந்ததால்தான் சென்சாரை மாற்றச் சொன்னார். இந்தச் சோதனைக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. செய்யாமல் விலை சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

எங்கள் பக்கம் ஒரிஜினல் அல்லாத காப்பி சாமான் 40 முதல் 70 வெள்ளிக்குக் கிடைக்கும். ஒரிஜினல் நூறு வெள்ளியைத் தாண்டும். கூலி 30, மிஞ்சினால் 50. ஈப்போவிலிருந்து ஒரிஜினல் வரவழைத்து, கூலியோடு சேர்த்து நான் கொடுத்தது 160 வெள்ளி. ஐரோப்பியக் காடி என்றால் 350 கேட்பதில் ஆச்சரியமில்லை, சாகாவுக்கு அது ஆகாது. இணையத்தில் மிக மலிவாக விற்பதையும் பழைய காடிகளை வெட்டி சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழையதையும் வாங்காதீர்கள். வெந்துபோன சென்சாரைக் கழற்றிவிட்டு இன்னொரு வெந்ததை மாட்டுவதற்கு எதற்குக் கூலி?

கை வேலை தெரிந்தால் நீங்களே மாற்றலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிளக்கை எடுத்து, ஒரு போல்ட்டைத் திருகினால் சென்சார் வந்துவிடும். பழைய பிளாஸ்டிக் கிளிப் சூட்டில் மொறுமொறுவென்று இருக்கும், பலமாக இழுத்தால் உடையும். புது ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) துளி எஞ்சின் ஆயில் தடவி மாட்டுங்கள். போல்ட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் அதுதான் பெரிய செலவு.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அண்மையில் மாற்றி, அதற்குப் பிறகு டாஷ்போர்டில் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தது என்றால், பெல்ட் சரியான இடத்தில் இருப்பதைக் காட்டும் டைமிங் மார்க்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் விளக்கு எரியலாம். அப்படியென்றால் புது சென்சார் போட்டாலும் அணையாது.